அழுங்கு உருண்ட சரிவு

அந்தக் காலத்தில், சீட்டில் அச்சான மிருகங்களுக்கும் பேச வாய் இருந்தது. கைக்கு அடக்கமான, சின்னத் திரையும் பட்டன்களும் வைத்த விளையாட்டுப் பெட்டி ஒன்றுக்குள் ஒரு காடு. அந்தக் காட்டில் சீட்டுக்கு ஒரு மிருகம் குடியிருந்தது. பெட்டியின் ஓரத்தில் இருந்த பொடித் துளைகள் வழியாக வெளியே பேசுவது உள்ளே கேட்கும். உள்ளே பேசுவதும், பெட்டியைக் காதருகே பிடித்தால், வெளியே கேட்கும்.

அப்போது அந்தப் பெட்டியில் சண்டையைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது. மேட்டின் உச்சியில் இந்தப் பக்கம் ஒரு சீட்டு, அந்தப் பக்கம் ஒரு சீட்டு. பலம் குறைந்தது விழும். விழுந்ததைக் காற்று அடித்துக்கொண்டு போய்ச் சரிவின் அடியில் நின்ற அத்தி மரத்தில் சேர்க்கும். அங்கே ஓர் ஆந்தை, கையில் அழிப்பானோடு. விழுந்தவர்களை அழிப்பது அதன் வேலை என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் அந்தத் திசையில் யாரும் பார்ப்பதில்லை.

அழுங்குக்குப் பலம் இரண்டு. உடம்பு முழுக்கச் செதில், வாயில் ஒரு பல்கூடக் கிடையாது, தின்பது எறும்பு. உன்னை அச்சடித்த அன்றைக்கு மை தீர்ந்துபோயிருக்கும் என்று மரநாய் கேலி செய்யும். பக்கத்துச் சீட்டு என்பதால் இரண்டும் ஒட்டிப் படுத்துத் தூங்குகிறவை. போன மாதம் மரநாயைச் சண்டைக்கு எடுத்தபோது, என் இடத்தைப் பிடித்து வை என்று சொல்லிவிட்டுப் போயிற்று. அழுங்கு இன்னமும் ஒரு சாண் இடம் விட்டுத்தான் படுத்தது.

பெட்டி கோகிலவாணியுடையது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் காலர் தைப்பவள். காங்கேயம் பக்கமிருந்து கம்பெனி பஸ்ஸில் முக்கால் மணி நேரம் வரவேண்டும். காலையில் அந்த முக்கால் மணி நேரம் அவளுக்கு இந்தப் பெட்டிதான். வாங்கும்போது நாற்பத்தோரு சீட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றாகப் போயின. அழுங்கை மட்டும் அவள் ஒருநாளும் சண்டைக்கு அனுப்பவில்லை. விரல் அதன் மேல் வரும், ஒரு கணம் நிற்கும். "நீ இருடா" என்பாள். விரல் பக்கத்துச் சீட்டுக்குப் போகும்.

அந்த இரண்டு சொல்லில் அழுங்கு உயிர் வாழ்ந்தது. மரநாயும் அந்த இரண்டு சொல்லில்தான் போயிற்று. அதை அழுங்கு யாரிடமும் சொன்னதில்லை.

அன்று காலை முள்ளம்பன்றி போயிற்று. அடுத்து நரி போயிற்று. எதிரே தினமும் வந்து எல்லோரையும் முட்டித் தள்ளும் அதே காட்டெருமை, பலம் ஒன்பது. கோகிலவாணியின் விரல் வந்து அழுங்கின் மேல் நின்றது. நகர்வதற்குப் பக்கத்தில் வேறு சீட்டு இல்லை.

பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க்கா, இன்னைக்கும் அந்த எருமைகிட்டத்தான் அடியா?"

"இவன் ஒருத்தன்தான் மிச்சம்."

"அவனையும் அனுப்பிட்டுப் பெட்டியை மூடுங்க. பழைய இரும்புக்காரன்கிட்டப் போட்டா ரெண்டு பிளாஸ்டிக் குடமாவது தேறும்."

கோகிலவாணி சிரிக்கவில்லை. பெட்டியை அணைத்தாலும் பயனில்லை. தொடங்கிய சண்டை மறுபடி திறக்கும்போது அதே இடத்தில் காத்துக்கொண்டிருக்கும். அவள் விரல் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தது. அழுங்குக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. துளையருகே வந்து சுரண்டியது; அவள் பெட்டியைக் காதில் வைத்ததும், இத்தனை நாள் நெஞ்சில் கிடந்ததைச் சொன்னது.

"அனுப்புங்கக்கா. எனக்குப் பதிலா இன்னும் எத்தனை பேரைத்தான் அனுப்புவீங்க?"

அவள் பெட்டியைக் காதிலிருந்து இறக்கினாள். பட்டனை அழுத்தினாள்.

மேட்டில் காட்டெருமை நின்றுகொண்டிருந்தது. கிட்டே பார்த்தால் அதன் கொம்பு நுனிகள் தேய்ந்து மழுங்கியிருந்தன. தினமும் காலையில் முட்டிய கொம்பு.

"நீதான் கடைசியா?" என்று கேட்டது.

"ஆமாண்ணே."

"கண்ணை மூடிக்க. சட்டுனு முடிச்சிடறேன்."

நிமிர்ந்து நின்றே விழவேண்டும் என்று அழுங்கு முடிவு செய்திருந்தது. மரநாய்க்கு அந்த மரியாதையாவது செய்ய வேண்டும் என்று நினைத்திருந்தது. ஆனால் கொம்பு தாழ்ந்ததும் உடம்பு தனக்குத் தெரிந்ததைச் செய்தது. மூக்கு வயிற்றுக்குள் போயிற்று, வால் முதுகைச் சுற்றி வந்து மூடிக்கொண்டது. மேட்டு உச்சியில் ஒரு பந்து கிடந்தது.

அந்த நேரம் பார்த்து பஸ், சுண்ணாம்பு அழிந்துபோன வேகத்தடை ஒன்றில் ஏறிக் குதித்தது. கோகிலவாணியின் கட்டைவிரல் வழுக்கி அம்புக்குறி பட்டனில் விழுந்தது. அதுவரை அந்தப் பட்டன் சீட்டைத் தேர்ந்தெடுக்க மட்டுமே. இப்போது தேர்ந்தெடுக்கச் சீட்டு இல்லாததால், இருந்த ஒன்றையே அது தள்ளியது. பந்து இரண்டு கொம்புகளுக்கும் நடுவே புகுந்து, சரிவில் இறங்கிவிட்டது.

அத்தி மரத்திலிருந்து ஆந்தை குரல் கொடுத்தது. "விழுந்தாச்சா?"

காட்டெருமை குனிந்து பார்த்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத பிராணி. "விழலைங்க. உருள்றான்."

உருளுகிறவர்களுக்கு ஆந்தையின் சட்டத்தில் இடமில்லை. பின்னாலேயே போய்ப் பார் என்று சொன்னது. காட்டெருமை ஓடத் தொடங்கியது. முட்டுவதற்கு நாலு அடி எடுத்து வைத்திருக்கிறதே தவிர, அது ஓடி எத்தனையோ காலமாயிற்று.

எதிரே ஒரு பாறை வந்தது. கோகிலவாணி பட்டனை இடப்பக்கம் அழுத்தினாள்; பந்து இடப்பக்கம் ஒதுங்கியது. அவளுக்கே நம்ப முடியவில்லை. அப்புறம் ஓர் ஓடை, அதன் மேல் ஒரே ஒரு மரத்துண்டு. "லெஃப்ட்டு, லெஃப்ட்டு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"யாருக்கு வழி சொல்றீங்க? டிரைவரண்ணன் ரைட்ல திரும்பணும். நீங்க பாட்டுக்குக் கொழப்பி விட்றாதீங்க" என்றாள் ஜெசிந்தா. சொன்னவளே அடுத்த கணம் பெட்டியின் மேல் கவிழ்ந்து, கல்லு வருதுக்கா கல்லு என்று அவள் தோளை உலுக்கினாள். பின் இருக்கைக்காரிகள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

பந்துக்குள் ஒரே இருட்டு. அழுங்குக்கு மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் காதில் விழுந்தது. துளைகளுக்கு வெளியே பல பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் துளைகள் வழியாக அதுவரை பெருமூச்சுதான் வந்திருக்கிறது.

சரிவு முடிந்த இடத்தில் அது போய் அத்தி மரத்தில் மோதியது. மரம் அதிர்ந்தது. அடிமரத்துப் பொந்திலிருந்து ஒரு சீட்டு நழுவிக் கீழே விழுந்தது. இன்னொன்று விழுந்தது. பிறகு மளமளவென்று கொட்டியது. எல்லாம் குப்புறக் கிடந்தன, முதுகைக் காட்டிக்கொண்டு.

அழுங்கு மெல்ல விரிந்தது. பக்கத்தில் கிடந்த சீட்டின் ஓரத்தை மூக்கால் தூக்கியது. தெரிந்த வாடை அடித்தது.

"இடம் பிடிச்சு வெச்சியா?" என்றது மரநாய்.

அழுங்கு தலையை ஆட்டியது.

காட்டெருமை மூச்சிரைக்க வந்து சேர்ந்தது. கிடந்த முதுகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தது. தான் முட்டியவர்கள்தான். எல்லோருக்கும் உயிர் இருந்தது. அது முன்னங்காலை மடித்து அங்கேயே உட்கார்ந்தது. நெடுநேரம் எழவில்லை.

ஆந்தை கிளையில் ஒருபக்கமாகத் திரும்பிக்கொண்டது. "அழிக்கத்தான் சொல்லியிருந்தாங்க. மொத நாளே கை வரலை. பொந்துல போட்டு வெச்சேன்" என்றது. திருப்பிக் கொடுக்கவும் தைரியம் வரவில்லையாம். பெட்டி செய்தவர் கேட்டால் என்ன பதில் சொல்வது?

"நீங்க எங்க கொடுத்தீங்க?" என்றது அழுங்கு. "நான் வந்து முட்டினேன். விழுந்துச்சு."

ஆந்தை அதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தது. இரண்டாம் முறையும் சொல்லிப் பார்த்தது. பிறகு, இந்த ஒரு தடவை எல்லோரும் போகட்டும், இனிமேல் யாராவது பாறையில் இடிக்காமல் வந்து மரத்தில் முட்டினால் ஒன்று விழும், அதற்குத் தான் பொறுப்பில்லை என்று அறிவித்தது. கையிலிருந்த அழிப்பானை ஓடையில் போட்டது.

"அப்ப நான் பின்னாலயே ஓடி வரலாமா?" என்று கேட்டது காட்டெருமை.

பஸ் கம்பெனி வாசலில் நின்றது. கோகிலவாணி இறங்காமல் சீட்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். முள்ளம்பன்றி இருந்தது, நரி இருந்தது, போன வருடம் போன உடும்புகூட இருந்தது. அழுங்கின் மேல் விரல் வந்து நின்றது. இந்த முறை பக்கத்துச் சீட்டுக்கு நகரவில்லை. சாயங்காலம் ஒரு தடவை தானும் உருட்டுவேன் என்று ஜெசிந்தா படியிலிருந்தே சொல்லிவைத்தாள்.

பெட்டி அணைந்ததும் காட்டில் நிழல் கவிந்தது. பிடித்து வைத்திருந்த ஒரு சாண் இடத்தில் மரநாய் வந்து படுத்தது. உனக்கு மை தீரவில்லை, செதிலுக்கே எல்லா மையும் போயிருக்கிறது என்றது. அதற்குள் அழுங்கு தூங்கிவிட்டிருந்தது, சுருளாமல், காலை நீட்டி.

அன்று முதல்தான் அந்த மாதிரிப் பெட்டிகளில் சீட்டுச் சண்டைக்கு நடுவே உருட்டுவதும் ஓடுவதும் தாண்டுவதுமாகச் சின்னச் சின்ன விளையாட்டுகள் வருகின்றன. தோற்ற சீட்டும் அழிந்துபோகாமல், யாராவது வந்து மரத்தில் முட்டும்வரை முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கிறது.