கொதிக்காத வண்டி

மலையேறும்போதெல்லாம் அந்த வண்டி ஒன்பதாவது வளைவில் கொதித்துவிடும்.

அது ஒரு பழைய அம்பாசிடர். அடிவாரத்தில் மடம் நடத்திவந்த நல்லமங்கை அம்மையாருக்கு அன்பர் ஒருவர் விட்டுப்போனது. சனிக்கிழமைதோறும் மலையுச்சியில் இருந்த தியான மண்டபத்துக்கு அம்மையார் அதில்தான் போவார்; இரவு தங்கி மறுநாள் காலை இறங்குவார். ஓட்டுபவர் அவருடைய சீடர் ஏகாம்பரம். குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். அனல்மின் நிலையத்தில், கொதிநீரைக் குளிரவைக்கும் பிரிவில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

அப்படிப்பட்டவர் ஓட்டிய வண்டியின் முகப்பிலிருந்துதான் வாரந்தவறாமல் ஆவி கிளம்பியது.

வளைவுக்கு மேலே ஒரு மலைக்கிராமம். வண்டி முக்கி முனகி ஏறும் ஓசை கீழே கேட்கும்போதே ஊரார் ஊற்றில் குடங்களை நிரப்பிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். சூடேறிய ரேடியேட்டரை உடனே திறக்க முடியாது. அது ஆறும்வரை அம்மையார் சிறுபாலத்தின் கட்டைச்சுவரில் உட்கார்ந்திருப்பார். ஊரார் எதிரே குந்திக்கொள்வார்கள். விடாத காய்ச்சல், வரப்புத் தகராறு, முகம் பார்க்காத அண்ணன் தம்பி என்று எல்லாம் அங்கே பேசப்படும். பேசி முடிப்பதற்கும் வண்டி ஆறுவதற்கும் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

ஒரு சனிக்கிழமை பழனியாயி என்பவள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு முன்னால் வந்தாள். அவள் மகன் தன் விருப்பப்படி கீழூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். அன்றிலிருந்து அவள் கணவர் சடையாண்டி மகனை வாசற்படி ஏற விடவில்லை. மருமகள் இப்போது வாயும் வயிறுமாக இருந்தாள்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் திருப்பூருக்குப் போறாங்கம்மா. போனா திரும்ப மாட்டாங்க. எங்க வீட்டுக்காரரு யாரு பேச்சும் கேக்க மாட்டாரு. நீங்க சொன்னாக் கேக்குறேன்னு மட்டும் வாய்தவறிச் சொல்லிட்டாரு. வர்ற சனிக்கிழமை எப்படியாச்சும் இழுத்தாந்துடறேன்.”

“கூட்டிட்டு வாம்மா. இங்கேதான உக்காந்திருக்கப் போறேன்” என்றார் அம்மையார்.

அந்த நேரத்தில் சுற்றுலா வேன் ஒன்று வளைவில் திரும்பியது. ஒருவன் தலையை வெளியே நீட்டினான்.

“பெரியவரே, வெந்நீர் தயாரா இருக்கே. காப்பித்தூள் இருக்கா?”

வேன் முழுக்கச் சிரித்தது. அடுத்த இருக்கையில் இருந்தவன் விடவில்லை. “நீங்க வண்டியை ஓட்டிட்டு வந்தீங்களா, தள்ளிட்டு வந்தீங்களா?”

ஏகாம்பரத்துக்குக் காது மடல் சுட்டது.

மறுநாள் கீழே இறங்கியதுமே அவர் வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். ரேடியேட்டரின் குழாய்களில் பாதிக்குமேல் சுண்ணாம்பு படிந்து அடைத்திருந்தது.

“கழுவி விட்டா ஓடும் சார். இன்னும் கொஞ்ச காலம் தாங்கும்” என்றார் மெக்கானிக்.

“தாங்க வேண்டாம். இந்த மலையில இனிமே என் வண்டியிலிருந்து ஆவியே வரக்கூடாது.”

பழையது கழற்றப்பட்டது. அகலமான அலுமினிய ரேடியேட்டர் வந்தது. அதை உட்கார வைக்க முகப்புத் தகட்டைக் கொஞ்சம் வெட்ட வேண்டியிருந்தது. பின்னால் இரண்டு மின்விசிறிகளும் பொருத்தப்பட்டன. ஏகாம்பரம் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு திருகாணியையும் சரிபார்த்தார்.

அடுத்த சனிக்கிழமை வண்டி ஏறியது. வெப்பமானியின் முள் நடுவில் நின்றது, அசையவில்லை. வளைவுகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. ஏகாம்பரம் சாலையைப் பார்த்ததைவிட முள்ளையே அதிகம் பார்த்தார்.

ஒன்பதாவது வளைவில் ஊரார் குடங்களோடு நின்றிருந்தார்கள். முன்னால் பழனியாயி. அவள் பக்கத்தில், வெளுத்த வேட்டி கட்டி, கையைக் கட்டிக்கொண்டு ஒரு மனிதர்.

அவர் யார் என்று ஏகாம்பரத்துக்குத் தெரிந்தது. நிறுத்த வேண்டும் என்றும் தெரிந்தது. ஆனால் முள் நடுவில் இருந்தது. நிற்காமல் உச்சி தொட்டேன் என்று இன்று ஒருநாள் மேலே போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. நாளை இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மரியாதையாக ஒருமுறை ஹாரன் அடித்தார். கையை அசைத்தார். வண்டி போய்விட்டது.

சற்றுத் தள்ளி நிறுத்தத்தான் போகிறார்கள் என்று நினைத்தாள் போலும் பழனியாயி. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தாள். கண்ணாடியில் அவள் தெரிந்தாள். தண்ணீர் தளும்பி அவள் சேலையை நனைத்தது. வளைவு திரும்பியதும் மறைந்துவிட்டாள்.

பின்னிருக்கையில் அம்மையார் கண்மூடி இருந்தார்.

உச்சியில் அன்பர்கள் வியந்தார்கள். “இவ்வளவு சீக்கிரமாவா! என்ன மாயம் பண்ணினீங்க?” என்று கேட்டார்கள். விசிறிகளைப் பற்றிச் சொல்ல ஏகாம்பரம் வாயெடுத்தார். கண்ணாடியில் பார்த்த குடம் நினைவுக்கு வந்தது. மண்டபத்தில் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு எழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை இறங்கும்போது அதே வளைவில் பழனியாயி தனியாக நின்றிருந்தாள். இடுப்பில் குடம் இல்லை. ஏகாம்பரம் வண்டியை நிறுத்தினார்.

“வண்டி புதுசாய்யா?”

“பழசுதாம்மா. ரேடியேட்டர் மட்டும்...”

“நல்லாருக்கு. மலையை மெழுகுன மாதிரி ஏறுது.”

அவள் குரலில் கோபம் இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

“உங்க வீட்டுக்காரர் என்ன சொன்னார்?” என்று அம்மையார் கேட்டார்.

“சிரிச்சாரும்மா. ‘உங்க மடத்தம்மா உனக்காகவா இத்தினி நாளு நின்னாங்க? தண்ணிக்கு நின்னாங்க. தண்ணி வேண்டாம்னு ஆயிடுச்சு. குடத்தைத் தூக்கிட்டு நட’ன்னாரு. புள்ளையும் மருமகளும் இன்னைக்கு மொத பஸ்ஸுக்கே போயிட்டாங்க. போறப்ப வாசலைப் பாத்துக்கிட்டே போனான். இவரு திண்டுல சாஞ்சவரு எந்திரிக்கல.”

ஏகாம்பரம் கீழே இறங்கிக் கைகட்டி நின்றார்.

“தப்பு என்னோடதுதாம்மா. இவங்களைப் பார்த்தேன். அவரையும் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தலை. நீங்க பாவம், தூங்கிட்டிருந்தீங்க.”

“தூங்கலை” என்றார் அம்மையார்.

ஏகாம்பரம் நிமிர்ந்து பார்த்தார்.

“நானும் பார்த்தேன். எப்பவும்போல வண்டி நிக்கும்னு இருந்தேன். நிக்கலை. நிறுத்துங்கன்னு சொல்ல வாய் வர்றதுக்குள்ள ரெண்டு வளைவு தாண்டிடுச்சு. திருப்பச் சொல்லியிருக்கலாம். கண்ணை மூடிக்கிட்டேன். காத்து வந்தது. சுகமா இருந்தது.”

அவர் கதவைத் திறந்து இறங்கினார்.

“உன் வீடு எங்கம்மா?”

“அந்த மேட்டுக்கு மேல. கல்லுப்பாதை, வண்டி வராது. வேணாம்மா, அவரு கண்டபடி பேசுவாரு.”

“பேசட்டும். அவர் பேசி முடிச்சதும், புள்ளையைக் கூப்பிடச் சொல்லிக் கேக்கறேன்.”

அம்மையார் பாதையில் கால் வைத்தார். ஏகாம்பரம் பின்னாலேயே ஓடினார்.

“அம்மா, பழைய ரேடியேட்டர் அந்த மெக்கானிக்கிட்டதான் கிடக்கு. நாளைக்கே அதை மாட்டிடறேன். பழையபடி இங்க வந்ததும் கொதிக்கும். பழையபடி நிப்போம்.”

அம்மையார் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் சிவந்திருந்தது.

“வேணாம் ஐயா. இத்தனை வருஷமா இந்த வளைவுல நின்னது வண்டி. பேர் எனக்கு. மறுபடியும் அதுக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்கச் சொல்றீங்களா?”