முதலாளியின் ஒற்றைச் செருப்பு

பேட்டரி சார்ஜர் செய்யும் பட்டறைக்கு முதலாளி பொன்னுரங்கம் வந்தாலே, அங்கே டயோடு பற்றவைக்கும் பூவாத்தாளுக்குத் தலைவலிதான். எதுவும் சும்மா இருந்தால் அவருக்குப் பொறுக்காது. அன்றைக்கு மறுபடியும் அவர் கண் டயோடு மேல் விழுந்தது.

"ஒரு சார்ஜருக்கு நாலு டயோடு எதுக்கு? ஒரு நேரத்துல ரெண்டுதான் வேலை செய்யுதாமே. சும்மா இருக்கிற ரெண்டையும் கழட்டிப் போடு."

"சும்மா இல்லீங்க. லைன்ல வர்ற கரண்ட் முன்னாடி போகும், பின்னாடி திரும்பும். போறப்ப இந்த ரெண்டு வழி விடும், திரும்பறப்ப அந்த ரெண்டு. அதனாலதான் பேட்டரிக்கு எப்பவும் ஒரே பக்கமாப் போகுது."

இதையே எத்தனை தடவைதான் சொல்வாள்.

"எனக்கே பாடமா? கழட்டு. சார்ஜர் ஓடலைன்னு திரும்பி வந்துச்சுன்னா உன் வேலை போயிரும்."

கழற்றச் சொல்வது அவர், வேலை போவது இவளுக்கு. நல்ல நியாயம். பூவாத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டு வாசல் வரை போய்விட்டு வந்தாள்.

உச்சி வெயிலில் முதலாளி கிளம்பினார். செருப்பை வாசலில் விட வேண்டும் என்பது அவரே போட்ட சட்டம். அங்கே ஒற்றைச் செருப்புதான் கிடந்தது. காரோ கொதிக்கும் சிமெண்ட் களத்துக்கு அந்தப் பக்கம்.

"இன்னொண்ணு எங்கே?"

"நடக்கறப்ப ஒரு நேரத்துல ஒரு கால்தானுங்க தரையில ஊனுது. சும்மா இருந்த செருப்பை எடுத்து வெச்சுட்டேனுங்க."

முறைத்துவிட்டு வீராப்பாகக் களத்தில் இறங்கினார். செருப்புக் கால் ஊன்றியது, வெறுங்கால் பட்டதும் துள்ளியது. கொஞ்ச தூரத்திலேயே நொண்டியடிக்க ஆரம்பித்துவிட்டார்.

"ரெண்டைக் கழட்டினா கரண்டும் இப்படித்தானுங்க போய்ச் சேரும்" என்றாள் பூவாத்தாள்.

முதலாளி நடுக்களத்தில் ஒற்றைக் காலில் நின்றார்.

"நாலும் இருந்துட்டுப் போகட்டும். அந்தச் செருப்பைக் கொண்டா."