டெசெமா பெரியப்பாவுக்கு மூணு உருண்டை

போர்வையை இழுத்துக்கோ பூவிழி. கால் வெளியே இருந்தா கொசு கடிக்கும், காலையில தடிப்பைப் பார்த்துட்டு உங்கம்மா என்னைத்தான் கேப்பா. நான் சொல்லச் சொல்ல ம் கொட்டணும். கொட்டலைன்னா நிறுத்திடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு அம்மா, ஒரு பொண்ணு, ஒரு வாய். அம்மா பேரு அல்மாஸ். பொண்ணு பேரு ஹிருட். அந்த வாய் இருக்கே, அது ஹிருட்டோட செத்துப்போன அப்பாவுக்கு அண்ணன், டெசெமா பெரியப்பா. ஊரு எத்தியோப்பியாவுல, மலை மேல. மாமா அங்கே வாத்தியாரா இருந்தப்போ நானும் ஆறு வருஷம் இருந்தேனே, அந்த தேசம். ம்?

"ம்."

அங்கே நம்ம சோறு மாதிரி அவங்களுக்கு இஞ்செரா. கசகசா கணக்கா பொடிப்பொடியா ஒரு தானியம். அதை மாவாக்கிக் கரைச்சு மூணு நாள் புளிக்க வெச்சு, பெரிய கல்லுல சுத்தி ஊத்தி மூடி வெச்சா, புஸ்ஸு புஸ்ஸுன்னு மேலெல்லாம் கண்ணு கண்ணா திறக்கும். நம்ம ஆப்பம்தான், ஆனா முறம் அகலம். அதைக் கூடை மாதிரி ஒரு மேசையில விரிச்சு, அது மேலேயே குழம்பு, பருப்பு, கீரை எல்லாம் வெச்சு, சுத்தி உக்காந்து ஓரத்துலேர்ந்து பிச்சுப் பிச்சு சாப்பிடுவாங்க. தனித்தனித் தட்டு கிடையாது. கடைசியில தட்டையும் தின்னுடுவாங்க. பாத்திரம் தேய்க்கிற வேலை மிச்சம், புத்திசாலிங்க.

ஆனா ஒரே தட்டுல ஒரு சங்கடம் உண்டு. யாரு எவ்வளவு எடுக்கறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்கக் கூடாது. டெசெமா பெரியப்பாவுக்கு அந்தப் பழக்கம் ரொம்பப் பிடிக்கும். அவர் கை சர்ர்ருனு போகும், லபக். மறுபடி சர்ர்ரு, லபக். ஹிருட்டோட ஒண்ணுவிட்ட அக்காவைப் பொண்ணு பார்க்க வந்தவங்க வெறும் ரொட்டியைத் தின்னுட்டு எழுந்து போனாங்க. போனவங்க போனவங்கதான்.

இப்போ ஹிருட்டைப் பார்க்க வராங்க. மாப்பிள்ளை, அவனோட அப்பா, அம்மா. ஹிருட்டுக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. வீட்டுல இருந்ததோ ஒரே ஒரு கோழி.

"அந்தப் பெரியப்பாவைக் கூப்பிடாம இருக்கலாமே அத்தை?"

எப்படிடீ? அவர் வந்து உக்காந்து சரின்னு சொன்னாத்தான் சம்பந்தம். யார் வீட்டுலதான் பெரியப்பாவைக் கூப்பிடாம இருக்க முடியுது.

அல்மாஸ் யோசிச்சா. அந்த ஊர் வழக்கப்படி கோழியைப் பன்னெண்டு துண்டா வெட்டி, வெங்காயத்தைத் தொப்புத் தொப்புன்னு கொட்டிச் சுண்ட வதக்கி, கொதகொதன்னு குழம்பு வெச்சா. அப்புறம் பெரியப்பாவை மட்டும் ரெண்டு மணி நேரம் முன்னாடியே வரச் சொல்லி, "நீங்க பசி தாங்க மாட்டீங்களே"ன்னு பருப்போட மூணு இஞ்செரா வெச்சா. பெரியப்பா மூணையும் முடிச்சுட்டு வயித்தைத் தடவினாரு. "இப்பத்தாம்மா பசியே எழுந்திருக்கு"ன்னாரு.

அப்போ எல்லாரும் வந்தாச்சு. அல்மாஸ் ரெண்டாவதா ஒண்ணு செஞ்சா. குழம்பை நடுவுல ஊத்தாம, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பக்கமா ஊத்தி, பெரியப்பா முன்னாடி கீரையை வெச்சா. பெரியப்பா கீரையைப் பார்த்தாரு. கோழியைப் பார்த்தாரு. "கூடை கோணலா இருக்கே"ன்னு ஒரு திருகு. கிர்ர்ர். கோழி அவர்கிட்ட வந்துடுச்சு, கீரை சம்பந்திங்ககிட்ட போயிடுச்சு. மாப்பிள்ளையோட அம்மா முகம் சுருங்கிப் போச்சு. ம்?

"ம்..."

அந்த ஊர்ல இன்னொரு வழக்கம். பாசமா இருக்கறவங்களுக்கு ரொட்டியை உருட்டி வாயில ஊட்டுவாங்க. குர்ஷான்னு பேரு. வேண்டாம்னு சொன்னா ஊட்டறவங்களுக்கு அவமானம். வாயில இருக்கறதை முழுங்காம அடுத்ததுல கை வெச்சா தனக்கே அவமானம். உருண்டை எவ்வளவு பெரிசோ அவ்வளவு பாசம்.

பெரியப்பா கை சர்ர்ருனு கிளம்புச்சு. அப்போ ஹிருட் எழுந்து வந்தா. ஓரத்து ரொட்டியைப் பெரிசாப் பிச்சு, பருப்பை வெச்சு, தேங்காய் அளவுக்கு உருட்டினா. "பெரியப்பா, அப்பா இருந்தா அப்பாவுக்கு ஊட்டுவேன். இப்போ எனக்கு நீங்கதானே"ன்னு வாயில வெச்சா. ஙப். பெரியப்பா கை பாதி வழியில நின்னுடுச்சு. மென்னாரு, மென்னாரு. மளுக்.

"ஒண்ணோட நிறுத்தினா சண்டைன்னு அர்த்தமாம், பெரியப்பா." ரெண்டாவது. ஙப். கன்னம் ரெண்டும் பலூன். அந்தப் பக்கம் மாப்பிள்ளையோட அப்பா கூடையை மெதுவா, கிர்ர்ர், தன் பக்கம் திருப்பிக்கிட்டாரு. மளுக்.

"இது அம்மாவுக்காக." மூணாவது. ஙப். பெரியப்பாவுக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அடைச்சுக்கிட்டதுல வந்த தண்ணி. ஆனா மாப்பிள்ளையோட அம்மா உருகிப் போயிட்டா. "பெரியவர் அழறாரு பாருங்க. என்ன பாசம், என்ன பாசம்"ன்னு, அவளும் ஒரு உருண்டை ஊட்டினா. அப்புறம் மாப்பிள்ளை ஊட்டினான். அப்புறம் அல்மாஸ். எல்லாரும் மரியாதை பண்ணினாங்க, மரியாதை பண்ணின கையாலயே கோழியையும் எடுத்துக்கிட்டாங்க.

கை கழுவறப்போ மாப்பிள்ளையோட அம்மா சொன்னா, "பெரியவங்களை இப்படிப் பார்த்துக்கற பொண்ணை விட்டா எனக்கு யாரு கிடைப்பா." பெரியப்பாவால பேச முடியலை. சரி சரின்னு தலையை ஆட்டினாரு. அது போதாதா?

கல்யாணம் நடந்துச்சு. ஹிருட் புகுந்த வீட்டுக்குப் போனா. முதல் நாளே மாமியார் கூடை முன்னாடி உக்காந்து, ஆன்னு வாயைத் திறந்துக்கிட்டு இருந்தா. அது ஹிருட் பாடு.

பெரியப்பா அன்னிக்கு வீட்டுக்குப் போனதும், "இந்த ஊர்லயே எனக்கு நடந்த மாதிரி மரியாதை யாருக்கும் நடந்ததில்லை"ன்னு பெருமையாச் சொன்னாரு. "அதெல்லாம் இருக்கட்டும், கோழி எப்படி இருந்துச்சு?"ன்னு பெரியம்மா கேட்டா.

பெரியப்பா ரொம்ப நேரம் யோசிச்சாரு. "அட, கோழி"ன்னாரு.

சிரிச்சது போதும், தூக்கம் கலைஞ்சுடும். இந்தா, நாளைக்கு உங்க பெரியப்பா வராரு. உளுந்து இருந்தது ஒரே ஒரு ஆழாக்கு, அதைத்தான் ஊறப் போட்டிருக்கேன். வடை வேகறதுக்குள்ள நீ அவர் மடியில உக்காந்து இட்லியை ஊட்டணும். பெரிசா. மூணு. பாசம் குறையக் கூடாது, தெரியுதா?

"ம்..."

கதை முடிஞ்சுது, கூடையைத் திருப்பி வெச்சாச்சு, மூடியும் போட்டாச்சு. நீயும் கண்ணை மூடு.