செவலைக்குச் சாத்திய படல்

புல்லும் மாடும் முள்மரமும் மனிதரோடு முகம் பார்த்துப் பேசிய அந்தக் காலத்தில், கொங்கு நாட்டு மேட்டுநிலங்களில் வேலி என்பதே கிடையாது. கொழுக்கட்டைப் புல் இடுப்பளவு வளர்ந்து நின்றது. தன் உயிர் முழுவதையும் தாளின் நுனியில் வைத்துக்கொண்டு காற்றோடு ஆடியது. வேண்டிய போதெல்லாம் மழை வந்தது. பிறகு எதற்காக வேருக்குள் பதுங்க வேண்டும்?

அந்த மேட்டில் செங்கோடனும் அவன் மனைவி பாவாத்தாளும் மாடு வளர்த்தார்கள். இரும்பு உலைகளுக்குக் கரி சுடுவதற்காக ஊரார் மரங்களை வெட்டினார்கள், செங்கோடனும் வெட்டினான். மாசி மாதந்தோறும் காய்ந்த புல்லுக்குத் தீ வைப்பது மேய்ப்பரின் வழக்கம். பங்குனி மழை விழுந்ததும் கரிந்த இடமெல்லாம் இளந்தளிர் வரும். மாடுகள் ஆசையோடு மேயும். ஆனால் மரங்கள் குறையக் குறைய மழை நாள் தவறத் தொடங்கியிருந்தது. பாவாத்தாள் அதைக் கவனித்து வைத்திருந்தாள்.

“இந்த வருசம் தீ வேண்டாமுங் மாமா. போன வருசமே மழை ஒரு மாசம் பிந்தி வந்துச்சு.”

“எங்க பாட்டன் வெச்ச தீ, எங்கப்பன் வெச்ச தீ. மழை என்ன, உங்கிட்டச் சொல்லிட்டா வருது?” என்று சிரித்துக்கொண்டே அவன் கொள்ளியை எறிந்தான்.

புல் கரிந்தது. பங்குனியில் மழை இல்லை, சித்திரையிலும் இல்லை. மேகங்கள் தலைக்குமேல் வரும். கருகிய தரையின் அனல் முகத்தில் அறைய, இறங்காமலே கடந்துவிடும். ஊரார் மாடுகளை மலையடிவாரத்துக்கு ஓட்டிப் போனார்கள். செங்கோடனின் மாடுகளும் அவர்களோடு போயின. செவலைப் பசு மட்டும் நிறைசினை. அத்தனை தூரம் நடந்தால் தாயும் மிஞ்சாது, கன்றும் மிஞ்சாது. அதற்காகவே கணவனும் மனைவியும் மேட்டில் தங்கிவிட்டார்கள்.

வைகாசியில் ஒரு காலை, கிளுவைப் புதரின் அடியில் பாவாத்தாள் பச்சையைக் கண்டாள். ஒற்றைப் புல்கொத்து. தீ அந்த முட்புதரைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போயிருந்தது. மோப்பம் பிடித்துச் செவலையும் வந்து சேர்ந்தது.

“ஆத்தா, தள்ளிக்கோ. ஒரே ஒரு வாய்,” என்றது செவலை.

“நான் இருக்கறதே ஒரு வாய்தான்,” என்றது புல். “தின்னா உன் பசி அந்தி வரைக்கும் ஆறும். அப்புறம் இந்த மேட்டுல புல்லுங்கற பேரே இருக்காது. இலையை உதிர்த்துட்டு உசுரை வேருக்குள்ள வெச்சுக்கோன்னு கிளுவை இப்பத்தான் எனக்குச் சொல்லிக் குடுக்குது. என் விதை விழுகற வரைக்கும் பொறுங்க.”

செவலையின் விலா எலும்புகளைப் பாவாத்தாள் பார்த்தாள். கன்றிலிருந்து அவள் கையால் வளர்ந்த மாடு அது. பார்த்தபடியே கிளுவைக் குச்சிகளை ஒடித்தாள். புல்லைச் சுற்றி நெருக்கமாக நட்டாள். வாசலுக்கு முட்களைக் கட்டிப் படலாக்கிச் சாத்தினாள்.

“திருடனுக்கு வேலி போடுவாங்க. வளத்த மாட்டுக்கு வேலி போடறவள இப்பத்தான் பாக்கறேன். அதுவும் செத்த குச்சியில!” என்றான் செங்கோடன்.

“சாகலீங். கீறிப் பாருங்க.”

அவன் நகத்தால் கீறினான். உள்ளே பச்சை. அவன் கோடாலியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

“கோடாலியோட எங்க கிளம்பிட்டீங்க? அந்தக் கடைசி வெள்வேல மரத்துக்குத்தானே? வெட்டாதீங்க மாமா, உலுக்குங்க.”

உலுக்கினான். பழுத்த காய்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. செவலை மென்றுகொண்டே, “கோவம் ஆறலே. ஆனா காய் இனிக்குது” என்றது.

நாற்பது நாட்கள் வெள்வேலமே அதற்குச் சோறு போட்டது. ஆயினும் தினமும் அது படலருகே வந்து நிற்கும். கேட்டால், “தொறந்திருக்கான்னு பாத்தேன்” என்று சொல்லித் திரும்பும். பாவாத்தாள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள்.

ஆனியில் ஒரு நாள், வழி தவறி வந்ததுபோல் ஒரு மேகம் வந்தது. வெள்வேலத்தின் குளிர்ச்சி தட்டியதும் இறங்கிற்று. நட்ட குச்சிகளெல்லாம் துளிர்த்தன. புல் கதிர்விட்டு விதை சிந்தியது. அந்த வாரமே மரத்தடியில் செவலை கன்று போட்டது. கன்று தள்ளாடி எழுந்து மடியைத் தேடியது. பாவாத்தாள் அப்போதுதான், இத்தனை நாள் அடக்கியதையெல்லாம் சேர்த்து, வாய்விட்டு அழுதாள். பிறகு போய்ப் படலைத் திறந்தாள். செவலை பாதிக் கொத்தை மேய்ந்து, தானாகவே பின்வாங்கியது. மேய்ந்த இடத்தில் மூன்றாம் நாள் புல் மறுபடி தளிர்த்தது. அதன் உயிர் இப்போது வேரில் இருந்தது.

கேட்பவர்களே, எண்ணிப் பாருங்கள். பாட்டன் வைத்த தீ, பாட்டன் காலத்து மழையை நம்பி வைத்த தீ. மழை மாறிய பிறகும் அதையே வைப்பவன் பாட்டனைப் பின்பற்றவில்லை, பேரனுக்குரியதை எரிக்கிறான். மண்ணுக்கு ஓய்வு கொடுங்கள். அது உங்களைக் கைவிடாது.

அன்று முதல்தான் கொங்கு மேய்ச்சல் காடுகளைச் சுற்றிக் கிளுவை வேலி நிற்கிறது. ஒரு பக்கம் மேயும்போது மறுபக்கம் படல் சாத்தி உறங்குகிறது. நடுவே வெள்வேலம் கோடாலி படாமல் நிழல் தருகிறது. கொழுக்கட்டைப் புல் கோடையெல்லாம் செத்ததுபோல் கிடந்து, ஒரே மழையில் எழுகிறது. மாடுகளும் அன்று முதல்தான், சாத்திய படலைக் கடக்கும்போதெல்லாம், திறந்திருக்கிறதா என்று ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுப் போகின்றன.