பன்னீர் தண்ணீர் குடித்த கதை

மலையடிவாரத்தில் ஒரு சின்ன தர்கா. அதன் வாசலில் வழிப்போக்கர்களுக்காக ஒரு மண்பானை, மேலே ஒரு அலுமினியக் குவளை. அந்தப் பானை வற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் சைதலி பாவாவின் வேலை. அதைத் தவிர அவர் பெரிதாக எதுவும் செய்து யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் மனசு சரியில்லாதவர்கள் எல்லோரும் அவரிடம்தான் போவார்கள்.

பீர் ராவுத்தர் அவருடைய சீடர். வயதில் பாவாவுக்கு மூத்தவர், தாடியிலும் மூத்தவர். அதனால் என்ன, பாவா சொல்லாமல் உட்கார மாட்டார்.

ராவுத்தரிடம் ஒரு வெள்ளைக் குதிரை இருந்தது. அந்தியூர்ச் சந்தையிலிருந்து குட்டியாக வந்த அன்று, அவர் மனைவி அதை வாசலில் நிறுத்திப் பன்னீர் தெளித்தாள். பன்னீர் என்பதே அதன் பெயராகிவிட்டது. லாரியில் வந்த மிரட்சியில் குட்டி தண்ணீரைத் தொடவில்லை. ராவுத்தர் பக்கத்தில் குந்திக்கொண்டு சீட்டி அடித்தார். இரண்டு நீளம், ஒரு குட்டை. குட்டி வாய் வைத்தது. அதன் பிறகு அந்தச் சீட்டி இல்லாமல் அது தண்ணீர் குடித்ததே கிடையாது.

அதெல்லாம் ஒரு காலம்! சந்தனக்கூடு ஊர்வலத்தில் பன்னீர்தான் முன்னால் போகும். யார் வீட்டுக் கல்யாணமானாலும் மாப்பிள்ளை அதன் முதுகில்தான் ஏற வேண்டும். ஊர்வலம் முடிந்து நெற்றியெல்லாம் ஜிகினாவோடு வீடு திரும்பும். ராவுத்தரின் மனைவி ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே, "மாப்பிள்ளை அழகா, எம்பொண்ணு அழகா?" என்று கேட்பாள். அவர் வேண்டுமென்றே மாப்பிள்ளை என்பார். ராத்திரிச் சோற்றில் அன்றைக்கு உப்பு இருக்காது. அவள் போய்ச் சேர்ந்த பிறகு, அந்தக் கேள்வியை நினைவு வைத்திருக்க ராவுத்தருக்குக் குதிரை ஒன்றுதான் மிச்சம்.

குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். ராவுத்தர் விஷயத்தில் இரண்டையும் காலமே செய்தது. மழை பொய்த்தது. கல்யாணங்கள் சத்தமில்லாமல் நடந்து முடிந்தன. கொள்ளுக்கும் புல்லுக்கும் வழியில்லை. பன்னீருக்கு விலா எலும்பு தெரிந்தது. தரகர்கள் மோப்பம் பிடித்து வந்தார்கள். அவர்கள் குதிரையை எங்கே கொண்டுபோவார்கள் என்று அவருக்குத் தெரியும். வாசலோடு விரட்டினார்.

கடைசியில் பக்கத்து ஊர்த் தோப்புக்காரி வேலாத்தாள் வந்தார். வற்றாத கிணறு, அப்பா காலத்து லாயம், குதிரை மேல் ஆசை எல்லாம் உள்ள பெண்மணி. முறை தெரிந்தவர்; புதுக்கயிறு கொண்டுவந்திருந்தார். கொடுக்கிறவர் உருப்படியைக் கொடுப்பார், பழைய கயிற்றைக் கொடுக்க மாட்டார். அது வழக்கம். ராவுத்தர் பழைய கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இதோட குணமெல்லாஞ் சொல்லிப்போடுங்க ராவுத்தரே."

"குடையக் கண்டா மிரளும். வெல்லம் குடுத்தா பின்னாலயே வரும். கொள்ளுன்னா வாயத் தொறக்கும், கடிவாளம்னா மூடிக்கும்."

வேலாத்தாள் சிரித்துவிட்டார். ராவுத்தருக்குச் சீட்டி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டார்.

மறுநாளே போன் வந்தது. "தண்ணியே குடிக்க மாட்டேங்குதுங்க. மோந்து பாத்துப்போட்டுத் திரும்பிக்குது."

ராவுத்தர் பஸ் ஏறிப் போனார். வெல்லம் எடுத்து வரச் சொல்லி வேலாத்தாளை வீட்டுக்குள் அனுப்பினார். அவர் தலை மறைந்ததும் சீட்டி அடித்தார். தொட்டியில் பாதி காலியாயிற்று.

"அட, உங்க மொகத்தப் பாத்தாத்தாங்க குடிக்குது!" என்றார் வேலாத்தாள்.

ராவுத்தருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உண்மையைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து தினமும் பஸ். ஒருநாள் பஸ் வரவில்லை. அடுத்த நாள் அவர் போனபோது பன்னீர் லாயத்தில் படுத்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தது. மூக்கில் குழாய் விட்டுத் தண்ணீர் இறக்கிய மாட்டு டாக்டர், "இன்னொரு தடவை இப்படிக் காயப்போட்டா குதிரை தங்காது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராவுத்தர் நேரே தர்காவுக்கு வந்தார். உச்சி வெயில். நடந்ததையெல்லாம் சொன்னார், சீட்டியையும் சேர்த்து.

"நான் இல்லாம அவளால இருக்க முடியல, பாவா. குடுத்ததே தப்போ? திருப்பிக் கூட்டிட்டு வந்துடவா?"

"கொள்ளு இருக்கா வீட்ல?"

ராவுத்தர் தலை குனிந்தார். "இல்ல."

வெயிலில் வந்ததில் ராவுத்தருக்குத் தொண்டை வறண்டிருந்தது. பானையருகே போனார். மேலே குவளை இல்லை. அது பாவாவின் மடியில் இருந்தது.

"பாவா, குவளை..."

"பானை அங்கதான இருக்கு, குடிங்க."

"குவளை இல்லாம எப்படிக் குடிக்கிறது?"

"பானையத்தான் ஊருக்குக் குடுத்துட்டேனே. குவளை எங்கிட்டயே இருக்கட்டும். அப்பத்தான வர்றவங்க என்னையும் தேடுவாங்க?"

ராவுத்தர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவமானமாக இருந்தது. தண்ணீர் குடிக்காமலே போய்ப் பஸ் ஏறினார்.

"சீட்டியா? பொம்பள சீட்டியடிச்சா ஊரு சிரிக்குமுங்க," என்றார் வேலாத்தாள்.

"ஊரு சிரிக்கட்டும். குதிர சிரிக்காது, அடிங்க."

முதலில் வெறும் காற்று வந்தது. பிறகு எச்சில் வந்தது. வேலாத்தாளுக்கே சிரிப்புத் தாங்கவில்லை. சளைக்காமல் உதட்டைக் குவித்துக்கொண்டிருந்தார். ஒருவழியாக ஓர் ஓசை பிறந்தது. நீளம் சரியில்லை, குட்டையும் சரியில்லை. பன்னீர் காதைத் திருப்பியது. தொட்டியில் வாய் வைத்தது. மடக்மடக்கென்று குடித்தது.

ராவுத்தர் வேலியோரம் காத்திருந்தார். குடித்து முடித்ததும் அது வேலாத்தாளின் தோளில் ஈர மூக்கைத் தேய்த்தது. மனைவியின் அந்தப் பழைய கேள்வி அவர் காதில் கேட்டது. இந்த முறை சரியான பதிலைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அவள் தோளிலும் அது இப்படித்தான் தேய்க்கும்.

சாயங்காலம் தர்கா வாசலில் வந்து நின்றார். பாவா உட்காரச் சொன்னார்.

"குடிச்சுதா?"

"வயிறு முட்டக் குடிச்சா."

"அப்புறம் ஏன் கண்ணு கலங்குது?"

"குடிச்சவ என்னத் திரும்பிக்கூடப் பாக்கல, பாவா."

பாவா பானையிலிருந்து ஒரு குவளை மொண்டு நீட்டினார். காலையிலிருந்து காய்ந்த தொண்டை. ராவுத்தர் இரண்டு கையாலும் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, ஒரே மூச்சில் குடித்தார். இன்னொரு குவளை கேட்டார். அதையும் குடித்தார்.

"நல்லா இருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்கு, பாவா."

"குடிக்கிறப்ப என்னயப் பாத்தீங்களா?"