பனிக்குள் கேட்ட பூநாரைக் குரல்

உப்பங்கழிச் சேற்றில் நண்டுகள் கூட்டமாகக் குடியிருந்தன. குளிர்காலம் வந்தால் வெளிநாட்டிலிருந்து பூநாரைகள் வந்து இறங்கும். "கிர்ர்!" என்று அவை குரல் கொடுத்ததும் நண்டுகள் ஓடிப்போய்ச் சேற்றைக் கிளறிக் கொடுக்கும். மேலே வரும் கூனி இறாலைப் பறவைகள் தின்னும். பறவைகளின் எச்சத்தில் பாசி செழிக்கும். அந்தப் பாசிதான் நண்டுகளுக்கு வருஷம் முழுக்கச் சோறு. வேறு வேலை அவற்றுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

அந்த வருஷம் வானம் காலியாகவே கிடந்தது. பூநாரைகள் வேறு தேசத்து ஏரிக்குப் போய்விட்டதாகக் கடற்காகம் ஒன்று சொல்லிவிட்டுப் பறந்தது. பாசி கருகியது.

கடலாயி என்ற நண்டு மட்டும் அலையாத்தி மரத்தில் ஏறி, பழுத்த இலையைக் கடித்துப் பார்த்தாள். ஒரே கசப்பு! ஆனாலும் வயிறு நிறைந்தது.

"ஏங்க, இதைத் தின்னுப் பழகுவோம்!" என்றாள் புருஷன் முத்தாண்டியிடம்.

"நாம என்ன ஆடா? கொஞ்சம் பொறு, அவங்க வருவாங்க!"

மறுநாள் விடியலில் கழியைப் பனி மூடியது. பனிக்குள்ளிருந்து "கிர்ர்!" என்று குரல் வந்தது. தலைவர் பெருங்கொடுக்கன் துள்ளிக் குதித்தார். "வந்துட்டாங்க! வேலைக்குக் கிளம்புங்க!"

ஒரு கூட்டம் பனிக்குள் போயிற்று. திரும்பவில்லை. அடுத்த கூட்டமும் திரும்பவில்லை.

"அங்கே வேலை அவ்வளவு மும்முரம்! கொடுத்துவச்சவங்க!" என்றார் தலைவர்.

கடலாயி உற்றுக் கேட்டாள். இத்தனை பறவை வந்தும் ஒரு சிறகுச் சத்தம் கேட்கவில்லையே? குரல் ஏன் தரையோடு தரையாக வருகிறது? அவள் வாயைத் திறப்பதற்குள் முத்தாண்டி கிளம்பிவிட்டான். பதறியடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

பனிக்குள் சேறு கிளறப்படாமல் வழவழவென்று கிடந்தது. அதன்மேல் வெறும் ஓடுகள். எல்லாம் நேற்றுவரை பேசிச் சிரித்த அக்கம்பக்கத்தார். சற்றுத் தள்ளி ஒரு நரி, கழுத்தை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு, "கிர்ர்!" என்று இனிமையாகக் கூவிக்கொண்டிருந்தது. முத்தாண்டியோ, "வந்துட்டேனுங்க!" என்று அதன் முன்னால் போய் நின்றான்!

நரி அவன் கொடுக்கைக் கவ்வியது. கடலாயி அவன் காலைப் பிடித்து இழுத்தாள்.

"கொடுக்கை முறிச்சு விட்டுடுங்க!"

"கொடுக்கு இல்லாம எப்படிடீ சேத்தைக் கிளறுவேன்?"

"கிளறினது போதும், உயிரோட வாங்க!"

கொடுக்கு முறிந்தது. இருவரும் விழுந்தடித்து ஓடி மரத்தில் ஏறினார்கள்.

"போகாதீங்க! அது நரி!" என்று கடலாயி தொண்டை கிழியக் கத்தினாள்.

"வேலை நேரத்துல சத்தம் போடாதே!" என்று பெருங்கொடுக்கன் அதட்டினார். கீழே கூட்டம் வரிசை குலையாமல் பனிக்குள் நடந்தது. அனுப்ப ஆளே இல்லாமல் போனதும், அவரும் கொடுக்கைத் துடைத்துக்கொண்டு குரல் வந்த பக்கம் கிளம்பினார்.

உலகம் தன் தேவையை மாற்றிக்கொண்ட பிறகும் பழைய வேலையையே நம்பிக் காத்திருக்கும் நாடு, தன்னைக் கூப்பிடுவது யார் என்றுகூடப் பார்க்காமல் போய் அழியும்.