இரண்டு ஜோடி செருப்பு

இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்தாறு வயசு, சீடருக்கு ஐம்பத்திரண்டு. தாடி இருப்பதும் சீடருக்குத்தான். என்ன செய்ய, அப்படி அமைந்துவிட்டது.

குருவின் பெயர் பத்மலீலா. சீடர் சூசைமரியான், கடற்கரைக்காரர். டெலிபோன் ஆபீசில் விருப்ப ஓய்வு வாங்கிய கையோடு, வீட்டில் சும்மா இருந்தால் மனைவி பிலோமியோடு சண்டைதான் வரும் என்று கம்ப்யூட்டர் படிக்கப் போனார். அங்கே பாடம் எடுத்தவர்தான் பத்மலீலா. பிறகு அவரே இவரைத் தன் பட்டறைக்கு அழைத்துக்கொண்டார். இன்றைக்கும் இவர் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அவர் இவரை அண்ணே என்பார்.

சூசைமரியானின் மகன் ததேயு கடலுக்குப் போகிறவன். அப்பன் கம்ப்யூட்டரில், மகன் படகில். தலைகீழ்க் குடும்பம் என்று ஊரில் கேலி செய்வார்கள். பிலோமி அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை. படகுகள் திரும்பும் நேரத்துக்குக் கரையில் போய் நின்றுவிடுவார், அவ்வளவுதான்.

பட்டறை, ஒரு பழைய கயிறு குடோனின் மாடி. செருப்பைக் கீழே படியோரம் விட்டுவிட்டுத்தான் ஏறவேண்டும். அங்கே அவர்கள் செய்துகொண்டிருந்தது ஒரு விசித்திரமான கருவி. மாவு அரைக்கிற மிஷின் தெரியும். மாவு மிஷினையே செய்து தருகிற மிஷின் ஒன்று இருந்தால் எப்படி இருக்கும், அந்த மாதிரி. செய்திகள் இன்னின்ன வடிவில் வரும் என்று விதிகளை எழுதிக் கொடுத்தால் போதும். அந்தச் செய்திகளைப் படித்துப் பிரிக்கும் கம்ப்யூட்டர் நிரலை அந்தக் கருவியே எழுதித் தந்துவிடும்.

ஒரே ஒரு தொல்லை. விதிகள் சில சமயம் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். ஒரே செய்தியை இரண்டு விதிகள் எனக்கு உனக்கு என்று இழுக்கும். அப்போது கருவி, எந்த விதி மேலே எழுதியிருக்கிறதோ அதற்குக் கொடுத்துவிடும். கொடுத்துவிட்டு, இங்கே ஒரு மோதல் இருக்கிறது என்று நம்மிடம் சொல்லவும் செய்யும். ஒழுங்காகச் சொல்கிறதா என்று சோதிப்பதுதான் சூசைமரியானின் வேலை.

அன்று வெள்ளிக்கிழமை. மறுநாள் காலையில் துறைமுகத்துக்கான நிரலைக் கொடுத்தாகவேண்டும். கரையிலிருந்து படகுகளுக்குப் போகும் செய்திகளைப் படித்து, இது மீன் விலை, இது ஐஸ் விலை, இது காற்று எச்சரிக்கை என்று பிரிக்கிற நிரல். எச்சரிக்கை என்றால் படகில் சிவப்பு விளக்கு எரியும், அதைப் பார்த்ததும் படகைத் திருப்பவேண்டும். ததேயுவின் படகில் விளக்கு மாட்டியாகிவிட்டது.

"எல்லாச் சோதனையும் பச்சை, பாஸாயிருச்சு டீச்சர். நாளைக்குக் குடுத்திரலாம்," என்றார் சூசைமரியான். தாடியைத் தடவிக்கொண்டார். சந்தோஷம் வந்தால் கை தானாக அங்கே போய்விடும்.

"மோதல் எத்தனை?"

"ரெண்டு. நமக்குத் தெரிஞ்ச ரெண்டுதான். ஒண்ணும் பயமில்ல."

"கருவி என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல்ல. ரெண்டு இருக்கும்னு நான் முதல்லயே எழுதி வச்சிட்டேன். ரெண்டு இருந்தா அது வாய் தொறக்காது. கூடினாலோ குறைஞ்சாலோதான் கத்தும்."

பத்மலீலா திரையை எட்டிப் பார்த்தார். பிறகு, "அண்ணே, கீழ எத்தனை ஜோடி செருப்பு கிடக்குன்னு பாத்துட்டு வாருங்க," என்றார்.

இதென்ன கூத்து என்று நினைத்துக்கொண்டே சூசைமரியான் இறங்கிப் போனார். ஏன் என்று கேட்டால் பதில் வராது, அது அவருக்குப் பழகிப்போன விஷயம். படியோரம் அவருடைய புதுத் தோல் செருப்பு கிடந்தது, ஈஸ்டருக்கு ததேயு வாங்கிக் கொடுத்தது. பக்கத்தில் டீச்சருடைய செருப்பு. மேலே ஏறி வந்தார்.

"ரெண்டு ஜோடி."

"சரி. நான் போய் டீ சொல்லிட்டு வாறேன்."

எதிர்க்கடை தங்கையனிடம் டீ சொல்ல, மாடி ஜன்னலில் நின்று கையைக் காட்டினால் போதும். ஆனாலும் டீச்சர் இறங்கிப் போனார், வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். இரண்டு பேரும் டீ குடித்தார்கள். தம்ளரைக் கீழே வைத்ததும், "இன்னொரு வாட்டி எண்ணிச் சொல்லுங்க," என்றார் பத்மலீலா.

இந்தத் தடவை சூசைமரியான் முழுக்க இறங்கவில்லை. முட்டுவலி. மேல்படியில் நின்றபடியே எட்டிப் பார்த்தார். கீழே வெளிச்சம் கம்மிதான், ஆனாலும் எண்ணுவதற்கு அது போதும்.

"அதே ரெண்டு ஜோடிதான் டீச்சர்."

"அப்ப எல்லாம் சரி. நீங்க வீட்டுக்குப் போங்க. நாளைக்குக் காலைல குடுத்திரலாம்."

சூசைமரியான் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு உற்சாகமாக இறங்கினார். கடைசிப் படியில் நின்றுவிட்டார். டீச்சருடைய செருப்பு இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு நீல ரப்பர் செருப்பு. குதிகால் தேய்ந்து ஓட்டையாகி, அறுந்த வாருக்கு ஊக்கு குத்தியிருந்தது.

தெருவுக்கு அந்தப் பக்கம் தங்கையன் கடை வாசலில் காலை முன்னால் நீட்டி உட்கார்ந்திருந்தான். காலில் புதுத் தோல் செருப்பு. இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி அழகு பார்த்துக்கொண்டிருந்தான்.

சூசைமரியான் வெறுங்காலோடு மறுபடி மேலே ஏறினார். கோபம் வந்தது. இந்த வயசில் இப்படி ஒரு விளையாட்டா என்று இருந்தது.

"டீச்சர், என் செருப்பு தங்கையன் கால்ல இருக்கு."

"நான்தான் மாத்திப் போடச் சொன்னேன். எண்ணிக்கை சரியாத்தான இருந்துச்சு?"

"எண்ணிக்கை சரிதான். ஆனா..."

அந்த 'ஆனா'வோடு அவர் கண் திரைப் பக்கம் போனது. பையைக் கீழே வைத்தார். கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து, இரண்டு மோதல் இருக்கும் என்று தான் எழுதிவைத்த வரியை எடுத்துவிட்டுக் கருவியை ஓடவிட்டார்.

வாய்க்கட்டை அவிழ்த்ததும் கருவி பேசியது. மோதல் இரண்டு என்றது. ஒன்று பழையதுதான், படகின் பெயரும் ஆளின் பெயரும் முட்டிக்கொள்வது. அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் கிடையாது. பழைய இன்னொன்று, மீன் விலையும் ஐஸ் விலையும் முட்டிக்கொண்டது, இப்போது இல்லை. போன வாரம் அதை அவரேதான் தீர்த்தார். தீர்த்த சந்தோஷத்தில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். ஒன்று குறைந்ததே, கருவி ஏன் கத்தவில்லை என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றவில்லை. வடை நன்றாக இருந்தது.

அப்படியானால் இந்த இரண்டாவது எங்கிருந்து வந்தது?

கருவி சொன்னதை மேற்கொண்டு படித்தார். வடை வாங்கிய அதே நாளில்தான் துறைமுகத்தில் ஒரு புது விதியும் கேட்டிருந்தார்கள். தினமும் காலையில் எந்தெந்த ஊரில் எவ்வளவு காற்று என்று சும்மா ஒரு தகவல் அனுப்புவதற்காக. அதை எழுதிச் சேர்த்தவரும் அவர்தான். மேலே இடம் இருந்தது என்று எச்சரிக்கை விதிக்கு மேலே எழுதியிருந்தார். ஊர், காற்று, வேகம். எச்சரிக்கைக்கும் அதே வடிவம்தான்.

புயல் காற்று என்று ஒரு செய்தியைத் தட்டிப் பார்த்தார். நிரல் அதைப் படித்தது. தினசரித் தகவல் என்று எடுத்து வைத்துக்கொண்டது. சோதனைக்காக மேஜையில் வைத்திருந்த சிவப்பு விளக்கு எரியவில்லை.

இன்னொரு தடவை தட்டினார். அப்போதும் எரியவில்லை.

நாளைக் காலையில் இது ததேயுவின் படகில் ஏறியிருக்கும்.

"டீச்சர், இந்தக் கருவி இதை மறைச்சிட்டுதே."

"அதா மறைச்சது?"

சூசைமரியான் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தான் ரெண்டு இருந்தா பேசாதேன்னு வாயைக் கட்டிப் போட்டேன்."

பத்மலீலா ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். சூசைமரியான் துறைமுகத்துக்குப் போன் போட்டு, எச்சரிக்கைச் செய்திக்கு முன்னால் தனி அடையாளம் ஒன்று வைத்தே தீரவேண்டும் என்று சண்டை பிடிக்காத குறையாகச் சொன்னார். ஒத்துக்கொண்டார்கள். விதியைத் திருத்தி எழுதினார். புயல் செய்தியைத் தட்டினார். விளக்கு எரிந்தது. அணைத்துவிட்டு மறுபடி தட்டினார், மறுபடி எரிந்தது. சின்னப் பிள்ளை சுவிட்ச் போட்டு விளையாடுவது போல நாலைந்து தடவை செய்து பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சு சீரானது.

அதற்குள் தங்கையன் மேலே வந்தான். தோல் செருப்பைக் கையில் பிடித்திருந்தான். "நல்ல செருப்பு சார்," என்று மனசில்லாமல் கொடுத்துவிட்டு, டீத் தம்ளர்களை எடுத்துக்கொண்டு போனான். சூசைமரியான் அதை மடியிலேயே வைத்துக்கொண்டார். பட்டறைக்குள் செருப்பு வரக்கூடாது என்பது டீச்சர் போட்ட சட்டம். டீச்சர் அன்றைக்கு அதைக் கண்டுகொள்ளவில்லை.

"இப்ப ஒரே ஒரு மோதல்தான் மிச்சம்," என்றார் சூசைமரியான். "அந்தப் பழசு. அது கிடந்துட்டுப் போகட்டும். ஆனா சோதனைல ஏதாவது எழுதி வைக்கணுமே டீச்சர், இல்லன்னா தினமும் அதையே சொல்லிட்டுக் கிடக்கும். எத்தனைன்னு எழுதட்டும்? ஒண்ணுன்னு எழுதிரவா?"

பத்மலீலா ஜன்னல் பக்கம் பார்த்தார். அங்கிருந்து கடல் தெரியாது, தென்னை மண்டைகள்தான் தெரியும். ஆனால் கடல் அந்தப் பக்கம்தான்.

"நாளைக்குப் படகெல்லாம் திரும்புற நேரம் பிலோமி அண்ணி கரைல நிப்பாங்கல்லா," என்றார். "எத்தனை படகு வந்துச்சுன்னு எண்ணிட்டா இருப்பாங்க, இல்ல ததேயு படகைத் தேடுவாங்களா?"